ஊசித்துளையில் சந்தனம்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், அம்மன் படத்துக்கும் விளக்குக்கும் நடுவே, ஒரு இரும்புத் தகட்டைச் சாய்த்து வைத்திருக்கிறேன். இரண்டு கைகளையும் சேர்த்து விரித்த அளவு இருக்கும். தகடு முழுக்கத் துளைகள். சிலதில் சுண்டுவிரல் போகும், சிலதில் பேனா முனை போகும், ஒன்றிரண்டில் ஊசிதான் போகும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ யந்திரத் தகடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன வருஷம் என் மனைவியின் சித்தி வந்தபோது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்தக் கோயில்லேருந்து கெடச்சது?" என்று கேட்டாள். வர்க்‌ஷாப்பிலிருந்து என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "வேண்டப்பட்ட ஒருத்தர் கையிலேருந்து வந்தது" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் பொய் சொல்லாமலே உண்மையைச் சுற்றிக்கொண்டு போகிற இந்த வித்தை எனக்கு எப்போது பழகியது என்பது அந்தத் தகட்டுக்குத் தெரியும்.

தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, கல்லில் சந்தனம் அரைத்து, எல்லாப் படங்களுக்கும் பொட்டு வைப்பேன். பிள்ளையாருக்கு, முருகனுக்கு, பத்மநாப சுவாமிக்கு, அம்மனுக்கு, இறந்துபோன அப்பா அம்மாவுக்கு. தகட்டுக்கு அருகே வரும்போது கை நின்றுவிடும். அதற்கு மட்டும் ஏன் பொட்டு இல்லை என்று மனைவி ஆரம்பத்தில் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

அது ஒரு ஆட்டோமாட்டிக் காரின் கியர்பாக்ஸுக்குள் இருந்த தகடு. அதை உள்ளே வைத்துப் பூட்டியவர் என் அத்தான், என் மூத்த அக்காவின் புருஷன். பூட்டியது அவர் கை என்றாலும் கெடுத்தது என் கை. இதை அவரைத் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. அவரிடமும் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லவில்லை.

எங்களுக்குப் பத்மநாப சுவாமி கோயில் ஊரில், வலியசாலை. நாஞ்சில் நாட்டிலிருந்து பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து வீட்டில் அப்பா சொல்லித் தந்தது. கரமனைப் பக்கம் ஒரு பெரிய வர்க்‌ஷாப்பில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. நட்டு, போல்ட்டு, எண்ணெய், கேஸ்கெட் எடுத்துக் கொடுப்பது, கழற்றிய சாமான்களைக் கழுவி வைப்பது. அத்தான் வளைகுடாவில் பதினாறு வருஷம் கியர்பாக்ஸ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் ஊரில் ஆட்டோமாட்டிக் வண்டிகள் பெருகத் தொடங்கிய நேரம் அது. முதலாளி மலையாளி, நல்ல மனுஷன்தான். அத்தானைப் பற்றி நான்தான் அவரிடம் சொன்னேன். வந்த ஒரு வருஷத்துக்குள், நெய்யாற்றின்கரையிலிருந்தும் ஆற்றிங்கலிலிருந்தும் மற்ற வர்க்‌ஷாப்காரர்கள் கைவிட்ட வண்டிகளை அத்தானைத் தேடிக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கியர்பாக்ஸ் என்றால் அத்தான். அந்தப் பேர் ஒன்றுதான் அவர் சம்பாதித்தது. வளைகுடாப் பணம் அவர் தங்கைகளின் கல்யாணத்தோடு போயிற்று.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோமாட்டிக் வண்டியில் கிளட்ச் கிடையாது. கியரை மாற்றுவது உள்ளே ஓடுகிற எண்ணெய். எந்த நேரத்தில் எந்த வழியாக எண்ணெய் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற அலுமினியக் கட்டைக்கு வால்வு பாடி என்று பேர். கியர்பாக்ஸின் அடியில், எண்ணெய்த் தட்டுக்குள் இருக்கும். அதைப் பிளந்து பார்த்தால் கறையான் அரித்த பலகை மாதிரி வளைந்து வளைந்து வாய்க்கால்கள். மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவில்தான் இந்தத் தகடு உட்காரும். மேல் வாய்க்கால் எண்ணெய் கீழே இறங்க வேண்டுமானால் இந்தத் துளைகளைத் தவிர வேறு வழியில்லை. துளை பெரிதானால் கியர் இடித்துக்கொண்டு விழும். அடைபட்டால் விழ வேண்டிய நேரத்தில் விழாது.

அத்தான் அதைப் பூட்டுவதைப் பார்க்க வேண்டும். குட்டையான ஆள், தடித்த கண்ணாடி, குனியும்போது விழாமல் இருக்க அதன் இரண்டு காதுகளையும் ஒரு நாடாவால் பின்னால் கட்டியிருப்பார். மேசைமேல் இருக்கிற ஃபேனை நிறுத்திவிடுவார், தூசி பறக்கும் என்று. துணியால் துடைக்க விடமாட்டார், நூல் பிரியும் என்று. விரல் நீளம் இருக்கும் உருளை வால்வுகளை எண்ணெயில் நனைத்து, அததற்குரிய குழியில் வைத்துக் கட்டையைச் சாய்ப்பார். வால்வு தன் கனத்தில் தானே வழுகி இறங்க வேண்டும். "தானா எறங்கணும். தள்ளி எறக்குனா அது நாளைக்கு வழியில நின்னுக்கிடும்" என்பார். இரும்புக் குண்டுமணிகள் ஏழு. மிளகு அளவு. அவை குழியிலிருந்து உருண்டு விழாமல் இருக்க வாசலினைத் தொட்டு ஒட்டுவார். நான் ஒருமுறை கிரீஸ் டப்பாவை நீட்டியபோது என் கையைத் தட்டிவிட்டார். "வாசலின் சூட்டுல கரைஞ்சு எண்ணெயோட போயிரும். கிரீஸ் கரையாது, போய் எங்கியாவது அடைக்கும். எண்ணெயில கரையாத ஒண்ணும் இதுக்குள்ள போகப்படாது மாப்ள, கேட்டியா?" கேட்டேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியாகத் தகடு. அதைப் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்குவார். ஒவ்வொரு துளையாகக் கண்ணை ஓட்டுவார். பிறகு வகுப்பில் ஆஜர் எடுக்கிற வாத்தியார் மாதிரி, "எல்லா நட்சத்திரமும் ஆஜர்" என்பார். இதைச் சொல்லாமல் அவர் ஒரு தகட்டைக்கூட உள்ளே வைத்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

வர்க்‌ஷாப்பில் என் பேர் சாமி. முதலாளி வைத்த பேர் அது. காலையில் ஷட்டரைத் திறந்ததும் விளக்கு ஏற்றுவது நான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி நான். நவராத்திரியில் பூஜை வைப்பதும் நான். இந்த ஊரில் அஷ்டமி சாயங்காலம் ஆயுதங்களைப் பூஜையில் வைத்தால் நவமி முழுக்க யாரும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில்தான் எடுத்து வேலை தொடங்க வேண்டும். மற்றவர்கள் எனக்காகப் பயபக்தியோடு ஸ்பேனர்களைத் துடைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். அத்தான் மட்டும் கேலி செய்வார். அவர் சாமி இல்லை என்கிறவர் அல்ல. கிழக்கே கோட்டைப் பிள்ளையாருக்கு அவ்வப்போது தேங்காய் உடைப்பார். வர்க்‌ஷாப்பில் என்னுடைய தடபுடல்தான் அவருக்கு வேடிக்கை. "ஓய் சாமி, ஜாக்கிக்கு மாலை போட்டாச்சு, சரி. டயருக்குப் பட்டு கட்டலியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும். வேலை தெரிந்தவர் அவர். எனக்கு அங்கே மதிப்பு என்று ஒன்று இருந்தால் அது அந்த விளக்கும் சந்தனமும் மட்டும்தான்.

அந்த வருஷம் அஷ்டமி அன்று ஒரு ரிட்டயர்டான டீச்சரம்மாவின் வண்டியுடைய வால்வு பாடி மேசையில் பிரிந்து கிடந்தது. இடது கால் சற்று வலுவில்லாதவர், அதனால் ஆட்டோமாட்டிக் வண்டி. சாமான்கள் எல்லாம் கழுவி, வரிசையாக ஒரு அட்டையில் வைத்து, தகட்டைப் பார்த்து ஆஜர் எடுத்து, பழுப்புக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு அத்தான் கிளம்பினார். போகும்போது சொன்னார்: "மாப்ள, உனக்கு வேணுங்கிறதுக்கெல்லாம் பொட்டு வை. இந்த மேசையில மட்டும் கை வைக்கப்படாது." நான் விடவில்லை. "இதுதானே இங்க பெரிய வேலை. இது அம்மன் பார்வையில படாண்டாமா அத்தான்?" என்றேன். "உன் அம்மனுக்கு மூணு கண்ணு. எனக்குக் கண்ணாடியோட சேத்து நாலு. நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பக்தியால்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது வயசாகிவிட்டது, கணக்காகப் பார்க்கிறேன். பாதி பக்தி, பாதி வீம்பு. அவர் போனதும் காகிதத்தைப் பிரித்தேன். தகட்டைக் கையில் எடுத்தபோது அந்தத் துளைகள் புள்ளிக்கோலம் மாதிரி இருந்தன. உண்மையாகவே கண்ணில் நீர் வந்தது. அம்மன் படத்துக்கு முன்னால், மஞ்சள் துணியின் மேல் வைத்து, நடுவில் பார்த்து ஒரு பொட்டு வைத்தேன். கடைச் சந்தனப் பொடி அல்ல, வீட்டிலிருந்து நானே கெட்டியாக அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தது. அதன் மேல் ஒரு துளி குங்குமம். அழகாக இருந்தது.

விஜயதசமி காலையில் எல்லோருக்கும் முன்பாக வந்து பூஜை எடுத்தேன். சந்தனம் இரண்டு நாளில் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், நகத்தால் சுரண்டினேன். மேலே பளிச்சென்று ஆகிவிட்டது. அதே காகிதத்தில், அதே மடிப்பில் மடித்து மேசையில் வைத்தேன். அதே மடிப்பில் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தெரியாமல் செய்கிறவன் மடிப்பைப் பார்க்க மாட்டான்.

அத்தான் வந்தார். குளித்து நெற்றியில் திருநீறு பூசி, எனக்காகத்தான் என்பதுபோல நெற்றியைக் காட்டிச் சிரித்தார். முதலாளி வாசலில் நின்று, "எந்தா சாமி, எல்லாம் ரெடியல்லே?" என்றார். டீச்சரம்மாவின் பேரனுக்கு அன்று எழுத்தறிவிப்பு. கோயிலிலிருந்து திரும்பி வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். நான் சுவரில் காலண்டரைப் பார்த்தபடி, "ராகுகாலம் வருது அத்தான், அதுக்கு முன்னால முதல் போல்ட்டாவது மாட்டிரணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வால்வுகள் தானாக இறங்கின. ஏழு மணிகளும் வாசலினில் ஒட்டி உட்கார்ந்தன. காகிதத்தைப் பிரித்துத் தகட்டை எடுத்து, விளக்கை நோக்கிக் கையைத் தூக்கினார். நான் மறுபடி, "நேரம் போகுது" என்றேன்.

கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். "தகடை யாரும் தொடலியே?"

"இல்ல அத்தான்."

அவ்வளவுதான். தகட்டை இறக்கி வைத்தார். மேல் பாதியை அதன்மேல் அமர்த்தினார். நான் போல்ட்டுகளை நீளவாரியாக எடுத்துக் கொடுத்தேன். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு, ஒன்று விட்டு ஒன்று, ஒவ்வொன்றையும் முறுக்கு அளவு வைத்த ரெஞ்சால் அது டிக் என்று சொல்கிற வரைக்கும் முறுக்கினார். ஒவ்வொரு டிக்குக்கும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது என்று எழுதினால் அது பொய். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நல்ல நேரத்தில் தொடங்கிய திருப்தியில் இருந்தேன்.

கட்டையை வண்டியில் மாட்டி, எண்ணெய் ஊற்றி, முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். முன்னால் போவதெல்லாம் வெண்ணெய். ரிவர்ஸ் மட்டும் ஒரு மூச்சு தாமதித்து விழுந்தது. முகத்தைச் சுளித்தார். "கொஞ்சம் யோசிச்சு விழுது. எண்ணெய் எல்லா எடத்திலயும் நெறையட்டும். ஒரு நாள் கெடக்கட்டும் முதலாளி, நாளைக்குப் பாத்துட்டுத் தாறேன்." முதலாளி கேட்கவில்லை. டீச்சரம்மா குடும்பத்தோடு வந்து நின்றாயிற்று, விஜயதசமி நாளில் வண்டியை இல்லை என்று சொல்வதா என்றார். வண்டி போயிற்று.

மூன்றாம் நாள் டீச்சரம்மா வீட்டு முற்றத்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறார். ரிவர்ஸில் போட்டும் நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார். நகரவில்லை. இன்னும் மிதித்திருக்கிறார். சட்டென்று கியர் பிடித்து, வண்டி அம்பு மாதிரிப் பின்னால் பாய்ந்து கேட்டுத் தூணில் இடித்தது. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. மகன் வர்க்‌ஷாப்புக்கு வந்து நின்று கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. யார் இதைப் பூட்டியது என்று கேட்டான். "நான்தான்" என்று அத்தான் முன்னால் போய் நின்றார்.

மகன் எங்களை நம்பவில்லை. கொச்சியிலிருந்து ஒரு ஆளை அழைத்து வந்து, எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கச் சொன்னான். அந்த ஆள் மளமளவென்று கழற்றினான். தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டியபோது, ஒரு நட்சத்திரம் ஆஜராகவில்லை. ஊசியால் குத்தி எடுத்தான். மஞ்சளாக, அரிசிக் குருணை அளவுக்கு ஒரு துண்டு. அவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கேஸ்கெட் ஒட்டுகிற பசை இது, வேலை தெரிந்தவன் எவனாவது வால்வு பாடியில் பசை போடுவானா என்று மலையாளத்தில் கேட்டான். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. சமையற்காரனிடம் சாம்பாரில் சோப்பு இருக்கிறது என்று காட்டுவது மாதிரி.

அத்தான், "நான் பசை தொடுறதே இல்ல" என்றார். முன்னால் வந்து அந்தத் துண்டைத் தன் நகத்தில் வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் நசுக்கினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவ்வளவு எண்ணெய் வாசனைக்கு நடுவிலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையைத் தூக்கினார். முதலாளியைப் பார்க்கவில்லை, கொச்சிக்காரனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கியர் போட்டுவிட்டு வண்டி நகர்வதற்குக் காத்திருப்பாரே, அந்தப் பார்வை. ஒரு நிமிஷம் இருக்கும்.

நான் சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்தேன். என் மனசுக்குள் ஓடியது இதுதான்: நான் சொன்னால், அம்மன் சந்தனத்தால் வண்டி கெட்டது, ஒரு ஸ்திரீயின் கை முறிந்தது என்று ஆகும். பூஜையைப் பழிப்பார்கள். தெய்வத்துக்கு அந்தப் பேர் வரலாமா? தெய்வத்துக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று நினைத்தேன். அந்த அம்மன் எத்தனையோ அசுரர்களைப் பார்த்தவள். ஒரு துளி சந்தனத்துக்கு ஸ்டோர்காரன் ஒருவன் வந்து அவளைக் காப்பாற்ற வேண்டியதில்லை. சாமி என்ற பேர் போய்விடும், வேலையும் போகும் என்று பயந்தேன். பயந்ததைப் பக்தி என்று எழுதி மாட்டிக்கொண்டேன்.

அத்தான் நகத்தைத் துணியில் துடைத்தார். கண்ணாடியின் நாடாவை அவிழ்த்தார். உள்ளே போய் வேலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். முதலாளி, "பூஜை எடுத்த கையோட செய்த வேலை, இப்படி ஆயிப்போச்சே சாமி" என்று என்னிடம்தான் வருத்தப்பட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த வர்க்‌ஷாப்பும் அவருக்குக் கியர்பாக்ஸைக் கொடுக்கவில்லை. பசை போடுகிற ஆள் என்று ஒரு பேச்சு, கரமனையிலிருந்து கழக்கூட்டம் வரைக்கும் அவருக்கு முன்னாலேயே போய்க் காத்திருந்தது. கிளட்ச் மாற்றினார், பிரேக் பார்த்தார், பிறகு அதுவும் இல்லை. தெருவெல்லாம் பெண்கள் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடுகிற பொங்காலைக்கு, அக்கா முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் வாசலில்தான் மூன்று செங்கல்லை அடுக்கி இடம் பிடிப்பாள். அடுத்த வருஷம் அவள் வரவில்லை. பொங்காலை அன்று காலையில் பால் வாங்கப் போனபோது பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி, யாரோ ஒரு வீட்டு வாசலில், வெயிலில், தன் செங்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நம்ம வாசல்ல எடம் கெடக்கேக்கா" என்றேன். "இங்க காத்து நல்லா வருது" என்றாள். அத்தான் அவளிடம் சொன்னாரா இல்லையா என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில் எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. ஏன் அவர் அங்கேயே சொல்லவில்லை? இது சந்தனம், வைத்தவன் இவன் என்று கையைக் காட்டியிருந்தால் என் பாடு அன்றோடு முடிந்திருக்கும். சும்மா பார்த்துவிட்டுப் போனார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தப்புச் செய்தவனுக்கு இப்படி ஒரு கோபம் வரும் என்பதை அனுபவித்தால்தான் நம்ப முடியும். கோயிலில் மன்னிப்புக் கேட்டேன். அங்கப்பிரதட்சிணம் செய்தேன். சாமி உடனே மன்னித்துவிட்ட மாதிரி மனசு லேசாகிவிடும். வீட்டுக்கு வந்து தகட்டைப் பார்த்தால் மறுபடி கனத்துவிடும். கொச்சிக்காரன் புதுத் தகடு போட்டுவிட்டுப் பழையதைக் குப்பை இரும்பில் எறிந்தபோது, ஸ்டோர்காரன் என்கிற முறையில் அதை நான்தான் எடுத்து வந்திருந்தேன். முதலில் ஒளித்து வைக்கத்தான் எடுத்தேன்.

போன மாதம் மகளை ரயில் ஏற்றிவிட்டுத் தம்பானூரில் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு லாட்ஜ் வாசலில் காக்கிச் சட்டையும் விசிலுமாக, பின்னோக்கி வருகிற ஒரு காருக்குக் கை காட்டிக்கொண்டு அத்தான் நின்றார். "வரட்டும், வரட்டும், இடத்தே ஒடிச்சோ… மதி, மதி!" இடது பக்கம் ஒடிக்கச் சொல்லி, போதும் என்று காரின் பின்புறத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதற்காக அந்தப் பக்கம் நடப்பதையே தவிர்த்திருந்தேன். வண்டிகளின் கியருக்காக ஊரே தேடி வந்த ஆள், ரிவர்ஸ் எடுக்கிற வண்டிக்கு விசில் ஊதிக்கொண்டு நின்றார்.

என்னைக் கண்டதும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சாமி" என்றார். முப்பது வருஷம் என்னை மாப்ள என்று கூப்பிட்டவர்.

"அத்தான், ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். அந்த இடத்திலேயே, ஆட்டோக்காரர்களின் ஹாரனுக்கு நடுவில், அஷ்டமி சாயங்காலத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தின் மடிப்பு உட்பட.

"மணத்துச்சே" என்றார் கடைசியில். "நல்ல சந்தனம். கடைப்பொடி இல்ல."

"அன்னைக்கே ஏன் சொல்லல அத்தான்?"

"நான் சொன்னா யாரு நம்புவா? வேலைய கெடுத்துட்டு அம்மன் மேல பழியப் போடுதான்னு சொல்லுவா. நீ சாமி. அது நீ சொல்ல வேண்டியது." விசிலைச் சட்டைப் பையில் போட்டார். "சந்தனம் வச்சது எனக்கு ஒண்ணும் இல்ல, பாத்துக்கோ. உன் குணம் தெரிஞ்சதுதான், நான் பூட்டி வச்சிருக்கணும். தகடை யாரும் தொடலியேன்னு கேட்டேன்லா? கைய தூக்கிட்டுக் கேட்டேன். உன் பேச்ச நம்பி எறக்குன கை, பின்னே எழும்பவே இல்ல."

"மன்னிச்சிருங்க அத்தான். அதச் சொல்லத்தான்…"

"எனக்குத் தெரிஞ்சதையே எனக்கிட்ட வந்து சொல்லுத. எதுக்கு? உன் மனசு குளுரவா? அதுக்குக் கோயில் இருக்கு." குரல் உயரவே இல்லை. "தெரியாதவன்கிட்ட போய்ச் சொல்லு."

பின்னால் இன்னொரு கார் வந்து ஹாரன் அடித்தது. விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார். "வரட்டும், வரட்டும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அங்கே நிற்பது வண்டிக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கையால் ஒதுங்கச் சொன்னார். ஒதுங்கினேன்.

தெரியாதவர்களைத் தேடினேன். வர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். முதலாளி மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார், விலாசம் தெரியவில்லை. டீச்சரம்மா வீட்டு வாசல் வரைக்கும் போனேன். கேட்டுத் தூணில் அப்போது சிமெண்ட் பூசிய இடம் இன்னும் வேறு நிறமாகத் தெரிந்தது. ஒரு பெண் வெளியே வந்து, அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது என்றாள். ஒரு கை சரியாக மடங்காமலே கடைசி வரைக்கும் இருந்தார் என்று, நான் கேட்காமலே சொன்னாள். மகன் வெளியூரில் இருக்கிறாராம். கண்ணால் பார்த்த மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வால்வு பாடியில் பசை போட்டவர் என்று என் அத்தானைப் பற்றி யாராவது உங்களிடம் சொன்னால், அது பசை இல்லை, சந்தனம். வைத்தவன் நான். கேட்டபோது இல்லை என்றவனும் நான்.

இன்று காலையிலும் எல்லாப் படங்களுக்கும் பொட்டு வைத்தேன். தகட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சந்தனக் கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, அவர் பிடிப்பது மாதிரி இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து எடுத்தேன். விளக்குக்கு நேரே தூக்கினேன். எல்லாத் துளையிலும் வெளிச்சம் வந்தது. அந்த ஊசித்துளையிலும் மெல்லிசாக வந்தது. எல்லா நட்சத்திரமும் ஆஜர். இவ்வளவுதான் அன்றைக்கு அவர் செய்யப் போனது. தூக்கி, பார்த்து, இறக்க, அரை நிமிஷம்கூட ஆகவில்லை.